ஈஸ்டர் காலையில் எங்கள் வாசலில் கேட்ட வார்த்தை

இந்த நினைவு மலரை அச்சடித்துக் கொடுத்தவர், முதல் பக்கத்தில் "மகிமைக்குள் பிரவேசித்தார்" என்று தாமாகவே போட்டுக் கொண்டுவந்தார். எல்லாருக்கும் அப்படித்தான் போடுவதாம். நான் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டேன். அக்கா இறந்துபோனார். போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழமை காலையில், மதுரை ஆஸ்பத்திரியில், நாற்பத்தேழு வயதில் இறந்துபோனார். இதற்குமேல் அழகாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வந்திருக்கும் உறவினர்களும் அக்காவின் சிநேகிதிகளும் தங்கை என்ற முறையில் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது ஆலங்குளத்தில். அப்பாவுக்குச் சிமெண்ட் ஆலையில் வேலை. அக்காவுக்குப் பதினொரு வயதிலும் எனக்கு நாலு வயதிலும் அப்பா மாரடைப்பில் போய்விட்டார்கள். அவர்கள் சொந்த ஊரான ராஜபாளையத்தில்தான் அடக்கம் செய்தோம். அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து, மடவார் வளாகத்தில் ஒற்றை அறை வாடகைக்குப் பிடித்தார்கள். தையல் மெஷின் ஒன்றுதான் சொத்து. அக்கா படித்தது பத்தாம் வகுப்பு வரை. அதற்குமேல் நான் படிக்கட்டும் என்று நிறுத்திக்கொண்டார். தியாகம் என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "கணக்குல நான் பெயிலுட்டி, அதான் நின்னேன். தியாகமாம் தியாகம்!" என்பார். மார்க் ஷீட்டை நான் பார்த்திருக்கிறேன். பெயில் இல்லை.

பிறகு ராஜபாளையத்தில் அக்காவுக்குப் பேண்டேஜ் துணி மடிக்கும் வேலை கிடைத்து, எல்லாரும் இங்கே குடிவந்தோம். ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் துணி. மடிப்பு பிசகாமல், நூல் பிரியாமல், சுருட்டி அடுக்க வேண்டும். இருபத்தெட்டு வருஷம் அதைச் செய்தார். கல்யாணமும் இந்த ஊரிலேயே ஆயிற்று. அத்தான் மில் வேன் ஓட்டுகிறார். பிள்ளைகள் இல்லை. மாடியில் அக்காவும் அத்தானும், கீழே அம்மாவும் நானும் என்று ஒரே வீட்டில் இருந்தோம்.

எல்லாருக்கும் கிறிஸ்துமஸ் பெரிது என்றால் அக்காவுக்கு ஈஸ்டர்தான் பெரிது. "கிறிஸ்துமஸுக்குக் கடைவீதியில ஸ்டாரு விக்கும், கேக்கு விக்கும். ஈஸ்டருக்கு என்ன விக்கும்? ஒண்ணும் விக்காது. அது சாவு வீட்டுக்காரங்க பண்டிகைட்டி. நம்மள மாதிரி ஆளுகளுக்கு உள்ளது" என்பார். எங்கள் சபையில் ஈஸ்டர் விடியல் ஆராதனை கல்லறைத் தோட்டத்தில் நடக்கும். முந்தின நாளே கல்லறைகளுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்பார்கள். அக்கா முந்தானையைச் சொருகிக்கொண்டு, அப்பா கல்லறையில் ஆரம்பித்து, கவனிக்க ஆள் இல்லாத கல்லறைகளுக்கும் சேர்த்து அடித்துவிட்டு, தலைமுடியெல்லாம் வெள்ளையாக வீட்டுக்கு வருவார். பார்க்கச் சிரிப்பாக இருக்கும்.

ஓய்வுநாள் பள்ளியில் அவர் ஈஸ்டர் பாடம் நடத்துவதைக் கேட்டிருக்கிறேன். இயேசுவின் வெறும் கல்லறைக்குள் துணிகள் கிடந்ததும், தலையில் சுற்றிய துணி மட்டும் தனியே சுருட்டி வைத்திருந்ததும் வருமே, அந்த இடத்தில் அக்காவுக்கு முகமே மாறிவிடும். "ஏ பிள்ளைகளா, பொணத்தைக் களவாண்டுட்டு ஓடுறவன் துணியை மடிச்சு வச்சிட்டா ஓடுவான்? நான் துணி மடிக்கிறவ சொல்லுதேன். அவசரத்துல ஒருத்தனும் மடிக்க மாட்டான். எந்திரிச்சவரு நிதானமா உக்காந்து மடிச்சிருக்காரு!" எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். இப்படி ஒரு சந்தோஷத்தோடு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இறப்பதற்கு முந்தின வருஷம் பங்குனியில் வயிற்றுவலி என்றார். கல்லீரலில் கட்டி. முற்றிவிட்டது என்று டாக்டர் சொன்னபோது அத்தான் வராந்தாவில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதன்பின் ஒரு வருஷம் மதுரைக்கும் ராஜபாளையத்துக்கும் அலைந்தோம். நான் ஜெபித்தேன். உபவாசம் இருந்தேன். அதட்டினேன், கெஞ்சினேன். மேலே இருந்து ஒரு பதிலும் இல்லை. இதை நினைவு மலரில் எழுதலாமா என்று கேட்கிறவர்களுக்கு, எழுதத்தான் வேண்டும். அக்கா கடைசிவரை புன்னகையோடு இருந்தார் என்று நான் பொய் எழுத மாட்டேன். "பயமா இருக்காக்கா?" என்று ஒருநாள் கேட்டேன். "எம்புட்டுன்னு சொல்ல முடியாதுட்டி. செத்த நேரம் கையைப் புடிச்சுக்கோ" என்றார். பெரிய வெள்ளியன்று அழுதார். "ஈஸ்டருக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்று எங்கள் மூன்று பேரிடமும் தனித்தனியாகக் கேட்டார். சனிக்கிழமை மதியம் ஆம்புலன்ஸில் கூட்டிவந்தோம். அப்படிக் கூட்டிவரவா கேட்டார்?

அடக்கம் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு என்று முடிவாயிற்று. அன்றைக்குத்தான் ஈஸ்டர். சுண்ணாம்பு காயாத கல்லறைகளுக்கு நடுவில், அப்பா பக்கத்திலேயே குழி வெட்டி, யாரும் தவறி விழாமல் பலகை போட்டு மூடியிருந்தார்களாம். விடியலில் சபையார் வெள்ளைச் சேலையும் வெள்ளைச் சட்டையுமாய் அந்தப் பலகையைச் சுற்றி நின்று உயிர்த்தெழுதல் பாட்டுப் பாடியிருக்கிறார்கள். பாதிப் பேருக்குப் பாட வரவில்லை என்று பிறகு சொன்னார்கள். நானும் அம்மாவும் வீட்டில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

எங்கள் ஆலயத்தில் மணியடிக்கும் அண்ணாச்சியை உங்களுக்கெல்லாம் தெரியும். ஆராதனைக்கு வர முடியாத வயசாளிகள், நோயாளிகள் வீடுகளுக்கு ஈஸ்டர் அன்று தெருத் தெருவாகப் போய், வழியில் இருக்கிற சபையார் வீடுகளையும் விடாமல், வாசலில் நின்று "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்!" என்று குரல் கொடுப்பார். வீட்டுக்குள்ளிருந்து "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்!" என்று பதில் வரும்வரை நகர மாட்டார். முப்பது வருஷப் பழக்கம். முந்தின நாள் குழி வெட்ட ஆள் கூட்டிவந்தவரும் அவரேதான். தெரிந்தேதான் இருந்தார். ஆனால் காலும் வாயும் பழகிவிட்டன. பந்தலும் நாற்காலியும் போட்டிருந்த எங்கள் வாசலில் வந்து நின்று, முழுக்குரலில் சொல்லிவிட்டார்.

சொன்ன மறுநிமிடம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அம்மா அக்காவின் கால்மாட்டில் உட்கார்ந்தபடியே, "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்றார்கள்.

எனக்கு வெறி வந்துவிட்டது. "யாரு எந்திரிச்சா? இந்தா கெடக்கால்ல, எந்திரிச்சாளா? ஏம்மா, கூறு கெட்டுப்போச்சா ஒனக்கு?" என்று கத்தினேன். அண்ணாச்சியைப் பார்த்து, "வெளிய போங்க" என்றேன். அவர் தலைகுனிந்து போய்விட்டார்.

அம்மா என்னை அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "எந்திரிக்கலன்னு எனக்குத் தெரியாதாட்டி? ராத்திரிபூரா காலைத் தடவிக்கிட்டு இருக்கவ நானு. அது பொய்யின்னா எம்மவள நான் எங்க போய்த் தேடுவேன்? நான் ஒண்ணும் சந்தோஷத்துல சொல்லல. விட்டா விழுந்துருவேன், அதான் புடிச்சுக்கிட்டுத் தொங்குதேன்" என்றார்கள்.

அதன்பின் நான் ஆலயத்துக்குப் போகவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்டவில்லை. அம்மா மட்டும் ஞாயிறுதோறும் பஸ் ஸ்டாண்டு வழியாக மெதுவாக நடந்து போய் வந்தார்கள். என்னை ஒருநாளும் கூப்பிடவில்லை. அதுவே எனக்கு உறுத்தலாக இருந்தது.

முதல் வருஷ நினைவு நாளை என்றைக்கு வைப்பது என்பதிலும் சண்டைதான். தேதிப்படி இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அம்மா பெரிய சனிக்கிழமைதான் என்றார்கள். "நம்மள்ல தேதிதான் உண்டு" என்று நான் மல்லுக்கு நின்றேன். பக்கத்து வீட்டு அத்தை, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், பெருமாள் பக்தை, சுவருக்கு அந்தப்பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், "நிலாவைப் பாத்துத்தானே உங்க ஈஸ்டரும் வருது? அப்போ திதி மாதிரிதான். திதிதான் கணக்கு, தேதி என்னத்துக்கு?" என்றார். "பாருட்டி, அவியளுக்குத் தெரியுது, ஒனக்குத் தெரியல!" என்று அம்மா துள்ளிவிட்டார்கள். அக்கா போனபிறகு அம்மா முகத்தில் ஜெயித்த கெலிப்பை அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் தோற்றுப்போனேன். அதனால்தான் இன்றைக்கு, ஈஸ்டருக்கு முந்தின நாளில், நீங்கள் எல்லாரும் எங்கள் வீட்டில் கூடியிருக்கிறீர்கள்.

நன்றி சொல்ல வேண்டும். அக்காவைக் குழந்தையைப்போல மாடியிலிருந்து தூக்கி இறக்கிய அத்தானுக்கு நன்றி என்றால் அவருக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்கிறேன். முறை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்த மடிப்புப் பிரிவுச் சகோதரிகளை நாங்கள் மறக்க மாட்டோம். அடக்கம் முடியும்வரை இட்லியும் காப்பியும் சுவருக்கு மேலே எட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தார் அத்தை. போதகர் ஐயா இந்த ஒரு வருஷத்தில் நாலைந்து முறை வீட்டுக்கு வந்தும் எனக்கு ஒரு வசனம்கூடச் சொல்லவில்லை. சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அது பெரிய உதவி.

மணியடிக்கும் அண்ணாச்சிக்குக் கடைசியாகச் சொல்கிறேன். அன்றையிலிருந்து நீங்கள் எங்கள் தெரு வழியாக வருவதில்லை, சுற்றிப் போகிறீர்கள் என்று அம்மா சொன்னார்கள். இந்தக் கூட்டத்துக்கும் வர மாட்டீர்கள் என்று தெரியும். அதனால் இந்த மலரை அத்தானிடம் கொடுத்தனுப்புகிறேன். எனக்கு உங்கள்மேல் கோபம் இல்லை. கோபம் வேறொருவர்மேல், அதை நானே அவரிடம் பேசிக்கொள்கிறேன். நாளைக் காலையில் எங்கள் வாசலுக்கு வாருங்கள். அம்மா பதில் சொல்லிவிடுவார்கள். எனக்கு வாய் வருமா என்று தெரியவில்லை. அடுப்படியில் தனியாக நின்று சொல்லிப் பார்த்தேன். முதல் வார்த்தைக்குமேல் போகவில்லை. அது பதில் வார்த்தைதானே அண்ணாச்சி? நீங்கள் வந்து முதலில் சொல்லாமல் நான் எப்படிச் சொல்வேன்?