கதை வசனம்: எதிர்வீட்டு மாமா

சினிமா என்றதும் எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது ஒரு கிசுகிசுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக் காட்சி. அந்தக் காலத்தில் புனேயில் மாதம் ஒரு தடவைதான் ஒரு பழைய தியேட்டரில் தமிழ்ப் படம் போடுவார்கள். ஊரில் இருக்கிற தமிழர்கள் எல்லாம் தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு, கோயிலுக்கு வருகிற மாதிரி வந்து உட்கார்ந்திருப்பார்கள். விளக்கு அணைந்ததும் எனக்கு வலப்பக்கம் இருக்கும் காக்குவின் காதருகே அவர் கணவரான எதிர்வீட்டு மாமாவின் முகம் சாயும். திரையில் ஒருவன் பேசப் பேச, மாமா அதை மராத்தியில் அவர் காதுக்குள் சொல்லிக்கொண்டே வருவார். பின்வரிசையில் யாராவது உச்சுக் கொட்டுவார்கள். மாமா குரலைத் தணிப்பாரே தவிர நிறுத்த மாட்டார். எனக்குப் பத்து வயது. அம்மா அப்பாவை விட்டுவிட்டு நான் காக்கு பக்கத்தில் போய் உட்காருவதற்குக் காரணம், அவர் கைப்பையில் எப்போதும் கடலைமிட்டாய் இருக்கும்.

மாமா என் அப்பாவுடன் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பாதுகாப்புத் துறைக் குடியிருப்பில் எங்கள் கதவும் அவர்கள் கதவும் எதிரெதிரே இருந்தன. காக்கு மராத்திக்காரர், நர்ஸ். மராத்தியில் அக்கம்பக்கத்துப் பெண்களைக் காக்கு என்றுதான் கூப்பிடுவோம். எந்திரத்தில் விரல் நசுங்கி ஆஸ்பத்திரியில் கிடந்த மாமாவுக்கு இருபது நாள் கட்டு மாற்றியவர் அவர். கட்டைப் பிரிப்பதற்குள் கல்யாணமே பேசி முடித்துவிட்டார்கள் என்று அம்மா கேலி செய்வாள். கல்யாணத்துக்கு இரண்டு வீட்டிலிருந்தும் ஒருவரும் வரவில்லை. அப்படித் துணிந்து கட்டிக்கொண்ட மனுஷன் வீட்டில் எப்படி இருந்தார் என்கிறீர்கள்? கஞ்சி போட்ட சட்டை, கையில் செய்தித்தாள், வாயில் மூன்று வார்த்தை. 'பால் வந்துச்சா', 'சாவி எங்கே', 'வரேன்'. எங்கள் வீட்டுக் கதவு நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும், அவர்கள் கதவும்தான். இதற்கு மேல் மாமா காக்குவோடு பேசி நான் கேட்டதில்லை.

தியேட்டரில்தான் பேசினார். அங்கே பேசியதெல்லாம் திரையில் இருப்பவன் பேசியது என்று சொல்லிப் பேசினார். எனக்குத் தமிழும் தெரியும், மராத்தியும் தெரியும். பள்ளிக்கூடத்தில் மராத்திப் பாடத்தில் முதல் மதிப்பெண் வாங்குகிற ஒரே தமிழ்ப் பெண் நான். அந்தத் தலைக்கனம் கொஞ்சநஞ்சம் இல்லை. திரையில் ஏரிக்கரையில் ஒருவன் நிலாவைக் காட்டி என்னவோ அளந்துகொண்டிருப்பான். மாமா காக்குவிடம் சொல்வார். அதைத் தமிழில் எழுதுகிறேன்: "நேத்து வெச்ச குழம்புல புளி ஜாஸ்தி. ஆனா நீ நைட் டூட்டி முடிச்சு வந்து, உக்காரக்கூட இல்லாம வெச்ச குழம்பு. அதான் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்னு சொல்றான்." ரயில் கிளம்பும்போது கதாநாயகன் ஒரு வருஷத்தில் திரும்பி வருவதாகச் சத்தியம் செய்வான். மாமா சொல்வார்: "அவளை விட்டுட்டு வந்துடுன்னு அம்மா லெட்டர் போட்டிருக்கா. இவன் அதைக் கிழிச்சுப் போட்டுட்டான். இவகிட்ட காட்டவே இல்லையாம்." காக்கு இருட்டில் கண்ணைத் துடைத்துக்கொள்வார். குடியிருப்பில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் மற்றப் பெண்களிடம், தமிழ்ப் படத்தில் வருகிற ஆண்கள் மாதிரி நல்லவர்கள் உலகத்தில் கிடையாது என்று சொல்வார். அவர்கள் சிரிப்பார்கள்.

எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பெரிய மனுஷர், தமிழர், இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் ஒரு வாக்கியத்தைச் சரியாக மொழிபெயர்க்கத் தெரியவில்லையே என்றுதான் நினைத்தேன். நாலைந்து மாதம் பொறுத்தேன். ஒரு ஞாயிறு இடைவேளையில் மாமா எல்லோருக்கும் வடாபாவ் வாங்கிவந்து கொடுத்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து நின்று, வகுப்பில் பதில் சொல்கிற குரலில், மராத்தியில் சொன்னேன்: "காக்கு, மாமா எல்லாம் தப்புத் தப்பா சொல்றாங்க. அவன் குழம்பைப் பத்திப் பேசவே இல்ல. யாரும் லெட்டரும் போடல. இவங்களா இட்டுக்கட்டிச் சொல்றாங்க." மராத்தி தெரிந்த இரண்டு வரிசை திரும்பிப் பார்த்தது. யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். காக்கு மாமாவைப் பார்த்தார். மாமா கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு எனக்கு வரவேண்டிய வடாபாவை என் கையில் வைத்து, "நீ சொல்றது சரிதாம்மா" என்றார்.

அம்மா எழுந்து வந்து என் தொடையில் கிள்ளினாள். "ஏட்டி, அந்த வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா? பெரியவங்க என்னமும் பேசிட்டுப் போறாங்க." அம்மாவின் மராத்தி காய்கறிக் கடையோடு சரி. அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது, நான் அதிகப்பிரசங்கித்தனம் செய்தேன் என்பது மட்டும் புரிந்திருக்கும். இடைவேளைக்குப் பிறகு மாமா ஒழுங்காகச் சொன்னார். அவன் உன்னைப் பிடித்திருக்கிறது என்கிறான், அவள் எனக்கும் என்கிறாள், அப்பா சம்மதிக்க மாட்டார் என்கிறாள். வார்த்தைக்கு வார்த்தை. நான் பரீட்சை கேட்கிற டீச்சர் மாதிரி தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு இரண்டு மாதம் வந்தார்கள் என்று நினைக்கிறேன். பிறகு வரவில்லை. எனக்குக் கடலைமிட்டாய் போயிற்று என்ற வருத்தம் மட்டும் இருந்தது.

மாமா என்ன செய்துகொண்டிருந்தார் என்பது எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்துத்தான் உறைத்தது. அடுப்பில் புளிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். அடிப்பாவி, என்ன காரியம் செய்தேன். அந்த மனுஷனுக்குப் பேச இருந்த ஒரே இடம் அது. அதைப் போய் நாலு பேர் முன்னால் இழுத்து மூடிவிட்டு வந்திருக்கிறேன். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர்கள் புனேயிலேயே ஔந்த் பகுதியில் மகனோடு இருந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் பத்து நிமிஷம். வருஷத்துக்கு நாலு முறையாவது போவேன். ஒவ்வொரு முறையும் இன்று சொல்லிவிட வேண்டும், மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று படியேறுவேன். மாமா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு "வாம்மா" என்பார். காக்கு கொடுக்கும் அவல் போஹாவைச் சாப்பிட்டுவிட்டு இறங்கி வந்துவிடுவேன். வாய் கிழியப் பேசுகிறவள் நான். அந்த ஒரு விஷயம் மட்டும் வாயில் வரவில்லை.

இப்போது யாரும் காதல் படம் எடுப்பதில்லை என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அதை நானும்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். மால் தியேட்டரில் தமிழ்ப் படம் சென்னையில் வருகிற அன்றே இங்கேயும் வந்துவிடுகிறது. கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடுகிறது. யாரும் யார் காதிலும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. கதாநாயகன் அரிவாளோடு வருகிறான், கோட்டை கட்டுகிற அளவுக்கு ஆட்களை வெட்டி அடுக்குகிறான், கதாநாயகி ஒரு பாட்டுக்கு வந்துவிட்டுப் போகிறாள். இதற்கு ஜோடியாக எதற்குப் போக வேண்டும்? எங்களுக்கென்று ஒரு படம் இருந்தது. மழையில் பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேர் பேசாமல் நிற்பதுதான் பாதிப் படம். கல்யாணமான புதிதில் நானும் என் கணவரும் அதை ஐந்து தடவை பார்த்தோம். போன மாதம் டிவியில் போட்டபோது ஓடிப்போய்க் கூப்பிட்டேன். "நீ பாரு, எனக்கு மீட்டிங் இருக்குது" என்றார். நான் மட்டும் யோக்கியமா? கால் மணி நேரத்தில் நானும் போனை எடுத்துவிட்டேன்.

மகள் படிக்க வெளியூர் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். இவர் கோயம்புத்தூர்க்காரர், கராடியில் ஐ.டி. வேலை. சண்டை சச்சரவு கிடையாது. சண்டை போடவாவது பேச வேண்டுமே. ஒரு சனிக்கிழமை மாலை சேர்ந்து ஒரு படம் பார்ப்பது என்று முடிவு செய்து, ரிமோட்டை வைத்துக்கொண்டு இது வேண்டாம் அது வேண்டாம் என்று முக்கால் மணி நேரம் தள்ளிக்கொண்டே போய், பசி வந்து, சப்பாத்தியைச் சாப்பிட்டுவிட்டு அவரவர் அறைக்குப் போனோம். ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு போன், காதில் ஆளுக்கொரு குமிழ். சில சமயம் நடு ஹாலில் வந்து நிற்பேன். எதற்கு வந்தேன் என்று தெரியாது. தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போவேன்.

மாமா போன மாதம் இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்து ஒரு ஞாயிறு காலை துக்கம் விசாரிக்கப் போனோம். கார் ஓட்ட வேண்டுமே என்று இவரும் வந்தார். பதினெட்டு வருஷம் இந்த ஊரில் இருக்கிறார், ஆட்டோக்காரரிடம் இடது வலது சொல்வதற்கு மேல் மராத்தி ஏறவில்லை. காக்கு சோபாவில் மாமா உட்காரும் பக்கத்தை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். மகன் காய் வாங்கக் கீழே போயிருந்தான். இனி எப்போது சொல்வது? மாமாவிடம் சொல்ல வழியில்லை. காக்குவிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று, உட்கார்ந்ததும் உட்காராததுமாக, அந்த இடைவேளையைப் பற்றிக் கேட்டேன். நான்தானே காக்கு கெடுத்தேன், என்னால்தானே நீங்கள் வருவதை நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். பேசும்போதே அழுகை வந்துவிட்டது.

 காக்கு மராத்தியில் சொன்னார். "ஆமா, உன்னாலதான். அன்னிக்கு வீட்டுக்கு வந்து கேட்டேன், எதெல்லாம் உங்க வசனம்னு. முக்கால்வாசின்னு சொன்னார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அடுத்த மாசம் ஆசையாப் போனேன். இவர் சரியாச் சொல்றார். சரியாச் சொன்னா அந்தப் படத்துல ஒண்ணுமே இல்ல. பழையபடி சொல்லுங்கன்னேன். கூச்சமா இருக்கு, அந்தப் பொண்ணு கேக்குதுன்னார். சரி, வீட்டுல டிவி வந்ததும் சொல்லுங்கன்னேன். அப்பவும் கூச்சம். நீ கல்யாணமாகிப் போயாச்சு, எனக்கும் தமிழ் புரிய ஆரம்பிச்சாச்சு, அப்பவும் கேப்பேன். அந்தப் பொண்ணு கேக்குதுன்னு சொல்லிட்டுப் பேப்பரை விரிச்சுக்குவார். ஆஸ்பத்திரியில கடைசி வாரம்கூடக் கேட்டேன். சிரிச்சார், அவ்வளவுதான்."

சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும், விடு என்று சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. அவர் அப்படிச் சொல்லவில்லை. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். நான் தேம்பிக்கொண்டிருந்தேன். இவர் ஒன்றும் புரியாமல் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என் பக்கம் சாய்ந்து, மெதுவாகக் கேட்டார். "ஏம்மா, என்ன சொல்றாங்க?"

சரியாகச் சொல்வதுதான் என் பழக்கம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "மாமா கடைசி வரைக்கும் பேசாமலே போயிட்டார்னு சொல்றாங்க" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிற்கவில்லை. "நீங்க ரெண்டு பேரும் அப்படி இருந்துடாதீங்கன்னு சொல்றாங்க. ஆளுக்கொரு ரூம்ல போனை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா, அது வீடா ஹாஸ்டலான்னு கேக்கறாங்க. உங்க பொண்டாட்டி வாய் ஓயாமப் பேசறவதான், ஆனா உங்ககிட்டப் பேசி ரொம்ப நாளாச்சாம். அவளுக்குப் பயமா இருக்காம். நீங்க பக்கத்துல இருக்கும்போதே உங்களைத் தேடிக்கிட்டு இருக்காளாம்."

இவர் என்னைப் பார்த்தார். புத்திசாலி மனுஷன். "அவங்க 'போன்'ங்கிற வார்த்தையே சொன்ன மாதிரி இல்லையே" என்றார். "நெசமாவே அவங்கதான் சொன்னாங்களா?"

காக்குவுக்குத் தமிழ் புரியும் என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பேசத்தான் மாட்டார், புரிவதெல்லாம் புரியும். ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறார். எனக்கு முகம் சுட்டது. நிமிர்ந்து பார்க்க முடியாமல் அவர் மடியில் இருந்த என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆமா" என்றார் காக்கு, இவரைப் பார்த்து, தமிழில். "நான்தான் சொன்னேன்."