ஒரு சொட்டுகூட சிந்தாத டீ

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. செங்கல்பட்டு வரை சிறப்பு நீராவி ரயில் ஓடுகிறது என்று தெரிந்ததும், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பாதிப் பேர் கூடுவாஞ்சேரி பிளாட்ஃபாரத்தில் கூடிவிட்டோம்.

அன்றைக்குக் கதாநாயகன் என் கீழ்வீட்டு நண்பர். ரயில் டிரைவராக ஓய்வு பெற்றவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், விழுப்புரத்துக்குத் தெற்கே மீட்டர்கேஜ் நீராவி இன்ஜின்களில் ஃபயர்மேனாகக் கரி அள்ளிப் போட்டவர். என்னைவிட இரண்டு வயது சின்னவர். என்னை 'அண்ணாத்த' என்றுதான் கூப்பிடுவார். ஆபீஸில் காலமெல்லாம் 'சார்' கேட்டுப் புளித்துப்போன காதுக்கு அது இதமாக இருக்கும்.

சுற்றி நின்றவர்களுக்கு அவர் விளக்கிக்கொண்டிருந்தார். மெதுவாகப் போகும்போது இன்ஜின் முன்னும் பின்னும் இடிக்குமாம். வேகம் எடுத்தால் இடி அடங்கி, பக்கவாட்டில் ஆட ஆரம்பிக்குமாம். முழங்காலை இளக்கிக்கொண்டு நிற்க வேண்டும், விறைப்பாக நின்றால் இடுப்பு போய்விடும் என்றார். அவருடைய மருமகனும் அங்கே இருந்தார். ஐ.டி. வேலை. மாமனார் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதவர், அன்று செல்போனைப் பைக்குள் வைத்துவிட்டுக் கேட்டார். நண்பர் முகத்தில் அந்தச் சந்தோஷம் அப்படியே தெரிந்தது.

"எழுபத்தஞ்சு கிலோமீட்டர் வேகத்துல போய்கினு இருப்போம். நல்லா பராமரிச்ச இன்ஜினா இருந்தா, தூக்குவாளில டீ ஒரு சொட்டு சிந்தாது அண்ணாத்த," என்றார் என்னைப் பார்த்து.

சும்மா தலையாட்டியிருக்கலாம். ஆனால் நான் ஆராய்ச்சி அலுவலகத்தில் இயந்திர அதிர்வுகளை அளந்தே காலம் தள்ளியவன். வாய் சும்மா இருக்குமா? இரண்டு பக்கமும் பிஸ்டன் மாறி மாறித் தள்ளுகிறது, அதை முழுசாகச் சமன் செய்யவே முடியாது என்று பாடம் எடுத்தேன். "கணக்குப்படி பார்த்தா டீ என்ன, வாளியே உருண்டு ஓடியிருக்கும். கதை விடாதப்பா," என்று முடித்தேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"மாமா, சார் சொல்றதுதான் சயின்ஸ்," என்று மருமகனும் சிரித்துவிட்டு, செல்போனை வெளியே எடுத்தார்.

"இருக்கலாம் சார்," என்றார் நண்பர். ரயில் வந்தபோது எல்லோரும் கையசைத்தோம். அவர் மட்டும் கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தார்.

அடுத்த வருடம் அதே ரயில் மறுபடி ஓடியது. அவரைக் கூப்பிட்டேன், முழங்கால் வலி என்று வரவில்லை. தனியாகச் செங்கல்பட்டு வரை போனேன். அங்கே வண்டி நின்றபோது டிரைவரிடம் கெஞ்சி இன்ஜினில் ஏறிப் பார்த்தேன். உள்ளே ஒரு கொக்கியில் எவர்சில்வர் தூக்குவாளி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

"கீழ வெச்சா ஊத்திக்கும் சார். மாட்டி வுட்டா, இன்ஜின் ஆட்டத்துக்கு அதுவும் கூடவே ஆடும். சிந்தாது," என்றார் டிரைவர், சர்வசாதாரணமாக.

எனக்கு முகம் சுட்டது. ஆபீஸில் யார் அதிர்வை அளந்து கொண்டுவந்தாலும், "கருவியை எங்கே பொருத்தினீங்க?" என்பதுதான் என் முதல் கேள்வியாக இருக்கும். அதைக் கேட்காததற்காக எத்தனை ஜூனியர்களைக் காய்ச்சியிருக்கிறேன். நண்பரிடம் மட்டும், வாளியை எங்கே வைப்பாய் என்று கேட்கத் தோன்றவில்லை. கரி அள்ளியவருக்கு என்ன தெரியும் என்ற எண்ணம் எனக்குள் இருந்திருக்கிறது. வேறு காரணம் சொல்ல முடியவில்லை.

வீடு திரும்பியதும் நேராக அவரிடம் போய், கொக்கியைப் பார்த்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "அத்த வுடுங்க சார். நாஸ்தா ஆச்சா?" என்றார். உங்கள் மருமகனிடமும் சொல்கிறேன் என்றேன்.

"அவரு எங்க இதெல்லாம் ஞாபகம் வெச்சிகினு கீறாரு," என்று சிரித்தார்.

பத்துப் பேர் முன்னால் செய்த அவமானத்துக்கு, யாருமில்லாத கூடத்தில் கேட்ட மன்னிப்பு ஈடாகாது என்று அப்போதுதான் புரிந்தது. அவருக்கு என்மேல் கோபமில்லை. இன்றைக்கும் லிஃப்டில் பார்த்தால் நின்று பேசுவார், பையை வாங்கிக்கொள்வார், ஆனால் ஒவ்வொரு முறையும் அவர் 'சார்' என்று கூப்பிடும்போது, நானே தொலைத்த அந்த 'அண்ணாத்த'வுக்காக என் காது இன்னும் காத்துக்கொண்டிருக்கிறது.