விருந்தினர் தூக்கத்துக்காக அடிக்காத ஹாரன்

போன கார்த்திகையில் ஒரு காலை. மலையூரான கவுஞ்சியில் எங்கள் தோட்டத்துக் கேரட் மூட்டைகளை பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு, நானும் கணவரும் வத்தலக்குண்டு சந்தைக்குக் கிளம்பினோம். பத்தடி தள்ளி எதுவும் தெரியாத அளவுக்கு மூடுபனி. ஊரைத் தாண்டியதும் ஒரு வளைவு. இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் பள்ளம். எதிரே வருவது கடைசி நொடி வரை தெரியாது. ஹாரன் அடித்துக்கொண்டேதான் எல்லோரும் திரும்புவோம்.

அந்த வளைவுக்கு மேலே புதிதாக ஒரு தங்கும் விடுதி வந்திருந்தது. வந்த சூட்டோடு ரோட்டோரம் பெரிய போர்டும் வைத்துவிட்டார்கள்: ‘விருந்தினர்கள் ஓய்வெடுக்கிறார்கள். ஹாரன் அடிக்காதீர்கள்.’ முந்தின வாரம் என் கணவர் ஹாரன் அடித்ததற்கு, விடுதி ஆட்கள் வண்டியை மறித்துச் சண்டை போட்டிருந்தார்கள். மறுபடி அந்த வம்பு எதற்கு என்று நான்தான் சொன்னேன்.

“இன்னைக்கு அடிக்காதீங்க. மெதுவாத் திரும்பிருவோம்.”

அவரும் ஹாரன் அடிக்காமல் திருப்பினார். வளைவின் நடுவில், பனிக்குள்ளிருந்து ஒரு ஜீப் மூஞ்சிக்கு நேராக வந்தது. பூண்டுக் காட்டுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் எட்டுப் பேர் அதில். போர்டுக்குப் பயந்து அந்த டிரைவரும் ஹாரன் அடிக்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. கணவர் ஸ்டியரிங்கை ஒடித்து வண்டியைப் பாறையில் மோதவிட்டார். ஜீப் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கி, ஓரத்துக் கல்லில் முட்டி நின்றது. இன்னும் ஒரு முழம் போயிருந்தால் அவ்வளவுதான்.

அலறிக்கொண்டிருந்த பெண்களை ஒவ்வொருவராகக் கைபிடித்து இறக்கினோம். ஒருத்திக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது. அப்போது விடுதி மேனேஜர் இறங்கி வந்தார். யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பார் என்றுதான் நினைத்தேன்.

“காலங்காத்தால என்னங்க சத்தம்? கெஸ்ட்டெல்லாம் கம்ப்ளெயின்ட் பண்றாங்க. தூங்க முடியலையாம்.”

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. “தூக்கமா? இந்த எட்டுப் பொம்பளைங்களும் ஒரேயடியாத் தூங்கிருப்பாங்க! வளைவுல ஹாரன் அடிக்கக் கூடாதுன்னு எழுத உங்களுக்கு யாருங்க அதிகாரம் குடுத்தது?”

“அது ஒரு ரிக்வெஸ்ட்தான் மேடம்” என்று முணுமுணுத்தார்.

கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண், வலியோடு கத்தினாள். “அவரோட என்ன பேச்சு? வெரசா அந்தப் போர்டைப் புடுங்குங்கடி!”

பெண்களாகச் சேர்ந்து ஆட்டி ஆட்டிப் பிடுங்கி, அதை விடுதி வாசலிலேயே போட்டுவிட்டு, அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம்.

வளைவில் இனி அப்படிப் போர்டு வைக்க விடக் கூடாது என்று மறுநாள் தாலுகா ஆபீசில் மனு கொடுத்தோம். விசாரிக்க வந்த அதிகாரி முதலில் கேட்டது, “போர்டைப் பிடுங்கியது யார்?” என்பதுதான். எல்லோரும் கையைத் தூக்கினோம். அந்தப் போர்டு அப்புறம் வரவே இல்லை.

விடுதிக்காரர்கள் மேல் எனக்கு இன்றுவரை கோபம் ஆறவில்லை. ஆனால் அந்த எட்டுப் பேரில் யாராவது ஒருத்தி எதிரே வந்து சிரிக்கும்போதெல்லாம், ஒரு சண்டைக்குப் பயந்து அவர்கள் உயிரோடு விளையாடிய என் மேல்தான் அதைவிட அதிகமாகக் கோபம் வருகிறது.