நாற்பதைத் தாண்டினால் அழும் வண்டி

போன வாரம் அம்மா என் வண்டியிலிருந்து பாதி வழியில் இறங்கிவிட்டாள்.

சண்டை எதுவும் இல்லை. காலையில் கண் டாக்டரிடம் காட்டிவிட்டு ரெட்டியார்பாளையம் வழியாக வந்துகொண்டிருந்தோம். ரோடு அதிசயமாகக் காலியாகக் கிடந்தது. கொஞ்சம் மிதித்தேன். நாற்பதைத் தாண்டியதும் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. ஊ... ஊம்ம்ம்... என்று, யாரோ வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற மாதிரி.

"நிறுத்துடா."

"என்னாம்மா?"

"நிறுத்துன்னு சொல்றேன்ல? வண்டி அழுவுது. நான் இதுல வரமாட்டேன்."

இறங்கினாள். ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள். வீட்டுக்கு வந்தால் ஒரே பேச்சு. "இந்த வண்டிய வித்துடு. அவன் கூப்புடுறான். ஒன்னையும் கூட்டிக்கினு பூடுவான்."

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும், வண்டி என் அண்ணன் வேலுவுடையது. பழைய பிக்கப். காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை. காரியம் முடிந்து நான் ஓட்ட ஆரம்பித்த பிறகுதான் இந்தச் சத்தம். முதலில் லேசாக இருந்தது. போகப் போக அழுகை ஆகிவிட்டது.

ஃபர்னிச்சர் கடைக்கு லோடு அடிக்கிறேன். எட்டாவதோடு நின்ற எனக்குத் தெரிந்தது ஸ்டியரிங்கும், வாரம் ஒருமுறை உங்களிடம் பேசுகிற இந்தப் பேச்சும்தான். வண்டியை விற்றால் பிழைப்பு? அதைக்கூட விடுங்கள். அண்ணன் உட்கார்ந்து உட்கார்ந்து குழிந்துபோன அந்த சீட்டில் எவனோ வந்து உட்காருவதா?

சத்தத்தை ஒழித்தால் வண்டி தப்பிக்கும். அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

நெல்லித்தோப்பில் பாஸ்கர் அண்ணன் ஒர்க்ஷாப். வேலு அண்ணனுக்கும் அவர்தான் மெக்கானிக். பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். "அம்பதுல போவும்போது நியூட்ரல் பண்ணு" என்றார். பண்ணினேன். சத்தம் அப்படியே இருந்தது. "அப்ப இன்ஜின் இல்ல."

ஜாக்கி போட்டுத் தூக்கி, நாலு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பார்த்தார். பேரிங் வழுக்கிக்கொண்டு ஓடியது. முன் டயரைப் பின்னால் போட்டு, பின் டயரை முன்னால் போட்டு ஓட்டினோம். அழுகை இடம் மாறவில்லை. வண்டிக்கு அடியில் படுத்து ஷாஃப்ட்டைப் பிடித்து ஆட்டிவிட்டு வெளியே வந்தார்.

"உங்கண்ணன் வெச்சிருந்த வண்டிடா. அவன மாதிரியே கல்லு மாதிரி இருக்கு."

சொல்லிவிட்டு, ஸ்பேனரைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். ஸ்பேனர் அவர் கையில்தான் இருந்தது.

எனக்குள் ஒரு விஷயம் அரித்துக்கொண்டே இருந்தது. "அண்ணா, ஒண்ணு சொல்றேன். சிரிக்கக் கூடாது."

"சொல்லு, பாக்கலாம்."

"மத்தியானத்துல வில்லியனூர் பக்கம் போனா அம்பதுலதான் அழுவுது. திரும்பி வர்றப்ப முப்பத்தஞ்சுலயே ஆரம்பிச்சிடுது. அதே ரோடு, அதே வண்டி."

"திரும்பி வர்றப்ப அதுக்கு ஊட்டு நெனப்பு வந்துடுதாக்கும்" என்று சிரித்தார். சிரித்தவர் பாதியில் நிறுத்தினார். "டேய்... மத்தியானம் டவுன் பக்கம் வந்தா கடக்காத்து எதுக்க அடிக்கும்ல?"

"ஆமா."

"அப்ப இது சக்கரம் இல்லடா. காத்து! எதுவோ காத்துல மாட்டிக்கினு அடிச்சிக்குது. நாம கீழயே தேடிக்கினு இருக்கோம்."

டிரைவர் கேபினுக்கும் பின்னால் லோடு ஏற்றுகிற பாடிக்கும் நடுவில் ஒரு கை நுழைகிற சந்து உண்டு. டார்ச் அடித்துப் பார்த்தோம். உள்ளே எதையோ சுருட்டிச் சொருகி, நைலான் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. கயிறு தளர்ந்து, ஒரு ஓரம் மட்டும் வெளியே வந்து நார் நாராகக் கிழிந்திருந்தது. இழுத்து, தரையில் விரித்தோம்.

கண்ணீர் அஞ்சலி.

எங்கள் தெருமுனையில் அண்ணனுடைய கூட்டாளிகள் கட்டின ஃப்ளெக்ஸ் பேனர். அத்தை பையன் கல்யாணத்தில் எடுத்த போட்டோ அது. பேனர் கடைக்காரர் அண்ணனுக்குப் பக்கத்தில் நின்றவனை வெட்டி எடுத்துவிட்டார். ஆனால் அண்ணன் தோளில் இருந்த கையை வெட்ட முடியவில்லை. அது என் கை.

பாஸ்கர் அண்ணன் கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, பேனரை அவரே சுருட்டிக் கொடுத்தார்.

நம் ஊரில் பேனர் கட்ட இருபது பேர் வருவார்கள். அவிழ்க்க? கல்யாணம், காதுகுத்து பேனர் என்றால் கவலையில்லை. மாட்டுக்கொட்டகைக்கோ டீக்கடைக் கூரைக்கோ போய்விடும். செத்தவன் முகம் போட்ட பேனரை என்ன செய்வது? யாராவது நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களா?

நேராக வீட்டுக்குப் போனேன். "எம்மா, சத்தத்தக் கண்டுபுடிச்சிட்டேன்!" சுருளைப் பார்த்ததும் அம்மா முகம் மாறிப்போனது.

"அத எதுக்குடா எடுத்த?"

"நீயாம்மா சொருவுன?"

"காரியம் முடிஞ்சதும் பசங்க அவுத்தாந்து குடுத்தானுங்க. எதிர்வூட்டுக்காரரு, கொட்டாய் ஒழுவுது, குடுங்கன்னாரு. எம்புள்ள மூஞ்சில மழ பேயணுமா? குப்பையில போட மனசு வருமா? கொளுத்தலாம்னா... ஒருதரம் கொளுத்துனது போதாதா? ஊட்ல வெச்சிப் பாக்கவும் முடியல. அவன் வண்டியிலயே கெடக்கட்டும்னு சொருவுனேன்."

"அதாம்மா சத்தம். இது காத்துல அடிச்சிக்கினு இருந்துருக்கு. வண்டி அழுவல. ஒண்ணும் இல்லம்மா, இனிமே நீ பயப்படாத."

அம்மா 'அப்பாடா' என்று சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"அப்ப... அது அவன் இல்லியாடா?"

பயத்தில்தான் வண்டியை விட்டு இறங்கினாள், எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பயத்துக்குள்ளே ஒரு பிள்ளை இருந்திருக்கிறான். அவனையும் சேர்த்துத்தான் நான் பிடுங்கி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அவன்தாம்மா என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் வாய் வரவில்லை.

வண்டியை விற்கிற பேச்சை அம்மா அதோடு விட்டுவிட்டாள். பயப்படுகிற மாதிரி அதில் இப்போது ஒன்றுமில்லையே. அறுபதில் போனாலும் அமைதியாகப் போகிறது. எனக்குத்தான் அந்த அமைதியில் ஓட்டப் பிடிக்கவில்லை.

பேனரை அம்மா வாங்கி, படம் உள்பக்கம் போகிற மாதிரி மடித்து, தன் பாய்க்கு அடியில் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். புரண்டு படுத்தால் சரசரவென்று சத்தம் வருகிறது.

அதை நான் சரி செய்வதாக இல்லை.