ஒன்பதாம் மாதம் குடித்தவள்

கன்னம் சிவந்தபோது வெயில் என்றுதான் நினைத்தேன். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மடிக்கிற வேலை எனக்கு. தகரக் கூரை சுட்டால் யார் முகம்தான் சிவக்காது? "ஏட்டி செல்வி, ரோஸ் பவுடரைக் கொறச்சுப் பூசு" என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டு மாதத்தில் காய்ச்சல் விடாமல் அடித்தது. முடி கொத்தாகக் கையோடு வந்தது.

லூபஸ் என்றார்கள் (கிருமியைத் தாக்க வேண்டிய வெள்ளையணுக்கள் சொந்த உடலையே எதிரியாக நினைத்துத் தாக்கும் நோய்). ஸ்டீராய்டு (வீக்கத்தை அடக்கும் மருந்து) தொடங்கியதும் முகம் பூரி மாதிரி உப்பியது.

மருத்துவர் நிதானமான பெண்மணி. எனக்குப் பொறுமை கிடையாது. "மேடம், எனக்கு ரெட்டைப்பிறப்பு ஒருத்தி இருக்கா. மலரு. அச்சு அசல் நான்தான். ஒரே வயிறு, ஒரே சோறு. அவ கல்லு மாதிரி இருக்கா. எனக்கு மட்டும் ஏன்?"

"காரணம் பல இருக்கலாம்மா. கைக்குழந்தையா இருக்கும்போதுதான் வெள்ளையணுக்கள் எதைத் தாக்கணும், எதை விடணும்னு பழகும். அப்போ கிடைக்கிற வைட்டமின் ஏ மாதிரி சத்துகள் அதில நெடுநாள் தடம் விடுமான்னு ஆராய்ச்சி நடக்குது. எவ்வளவுங்கறதோட, எப்போங்கறதும் முக்கியமா இருக்கலாம். உங்களுக்கு இதனாலதான் வந்ததுன்னு யாரும் சொல்ல முடியாது. தங்கச்சியக் கூட்டிட்டு வாங்க, ரத்தம் பாத்துருவோம்."

இதைப் படித்துவிட்டு யாரும் பிள்ளைக்கு வைட்டமின் ஏ மருந்து கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள். அந்தச் சத்து இல்லாமல் கண் போன பிள்ளைகள் உண்டு.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மா வீட்டுக்கு அடுத்த தெருவில் மலர் இருக்கிறாள். ரத்தம் பார்க்க வா என்றதற்கு, "ஒனக்கு வந்தா எனக்கும் வரணுமாக்கும்? வேற சோலியப் பாரு" என்றாள். அவளுக்கும் வந்துவிடுமோ என்ற பயம் என் நோயைவிடப் பெரிதாக இருந்தது.

கைக்குழந்தைக்கு ஒன்பதாம் மாதம் ஊற்றுகிற அந்த வைட்டமின் ஏ மருந்தைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன். அவரைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"ஒம்பதாம் மாசம் எனக்கு மில்லுல ஷிஃப்டு. ஒஞ் சித்திதான் ஒவ்வொருத்தியாத் தூக்கிட்டுப் போனா. ஒருத்தியவே ரெண்டு தடவ தூக்கிட்டுப் போயிட்டா போல. தொவைக்கையிலதான் பாத்தேன். ஒரு சட்டையில ரெண்டு எடத்துல மருந்தோட மஞ்சக் கறை. இன்னொண்ணுல ஒண்ணுமில்ல."

"பொறவு?"

"ஒன்றரை வயசுல குடுக்கையில ரெண்டு பேரு மருந்தையும் மத்தவளுக்கே ஊத்த வச்சேன். நேராயிருச்சுல்லா!"

இட்லியைப் பங்கு வைக்கிற நியாயத்தோடு சொன்னாள். மருத்துவர் சொன்ன அந்த 'எப்போ' காதில் கேட்டது.

"அதுல நான் யாரும்மா?"

உப்பிய என் முகத்தை அம்மா ஏறிட்டுப் பார்த்தாள். "ஒம்பதாம் மாசம் ரெண்டும் குடிச்சது நீதான்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது, நம்புங்கள். என்னோடு போயிற்று, மலர் தப்பித்தாள் என்று ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த வாரம் மருத்துவமனை நடைபாதையில் மலர் நின்றிருந்தாள். உதடு காய்ந்திருந்தது. "அம்மா சொல்லிட்டாட்டி. ஒம்பதாம் மாசம் ரெண்டும் குடிச்சது நான்தானாம்."

அங்கேயே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அப்படிச் சொல்லலேன்னா அவ ரத்தம் குடுக்க வருவாளா?" என்றாள் அம்மா.

"அப்போ குடிச்சது நானா?"

"அந்தச் சட்டைய எவ போட்டிருந்தான்னு இப்ப யாருக்கு ஞாபகம் இருக்கு? ரெண்டும் ஒரே மூஞ்சி."

மலரின் ரத்தத்தில் ஏ.என்.ஏ. இருந்தது (சொந்த அணுக்களை எதிர்க்கும் புரதம்). நோய் இல்லை. வரலாம், கடைசிவரை வராமலும் போகலாம், கவனித்து வந்தால் போதும் என்றார் மருத்துவர். மலர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சிவக்காத, உப்பாத என் பழைய முகம், நான் போன வருடம் இருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது.

வெளியே வரும்போது மலர் சிரித்தபடிதான் சொன்னாள்: "நீ முன்னால போ. நான் பாத்துக்கிட்டே வாரேன்."

இப்போது எனக்கு நோய் அடங்கியிருக்கிறது. வேலைக்குப் போகிறேன். ஆனால் ஒரு வலி வந்தால், அது என் இன்றைய வலி மட்டும்தானா, மலரின் நாளைய வலியுமா என்று தெரிவதில்லை. வாரந்தோறும் மலர் போன் செய்கிறாள். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்பதில்லை.

"இன்னைக்கு எங்கட்டி வலிக்கி?"

"எங்கயும் இல்ல" என்கிறேன், முழங்காலைப் பிடித்துக்கொண்டே.