ஐவிக்குக் கட்டிய வேப்பிலை

என் மகள் என் கைமருந்து எதையும் ஒருநாளும் மதித்ததில்லை. தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தால் மூக்கைப் பொத்துவாள். சுளுக்குக்கு நல்லெண்ணெய் சூடாக்கினால் வீடெல்லாம் மணக்குது என்று ஜன்னலைத் திறப்பாள். பருவுக்கு மஞ்சளும் சந்தனமும் குழைத்து வைத்தால் அது பிரிஜ்ஜுக்குள் பூசணம் பிடிக்கும்வரை கிடக்கும். படித்து முடித்து, மருந்துக்கடையில் வெள்ளைக் கோட் போட்டு நிற்கத் தொடங்கிய பிறகு கேட்கவே வேண்டாம்.

"எவிடன்ஸ் இருக்கோ அப்பா?" என்பாள்.

"நீ வளர்ந்து நிக்கிறியே, அதுதான் எவிடன்ஸ்!" என்று நான் கத்துவேன். நான் கொஞ்சம் கத்துகிற ஆள். லண்டனில் மிச்சம் என்கிற இடத்தில் இருக்கிறோம், எங்கள் வீதியில் அதை அறியாதவர் இல்லை.

அப்படிப்பட்ட பிள்ளை தானே பக்கத்திலுள்ள டூட்டிங் தமிழ்க் கடைக்குப் போய் வேப்பிலை வாங்கிவந்து, தன் கையாலேயே என் அறைக் கதவில் கட்டியபோது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கே உறைத்தது? பிள்ளை கடைசியில் என் வழிக்கு வந்துவிட்டாள் என்று நெஞ்சு நிறைந்துபோய்ப் படுத்திருந்தேன்.

இந்த வைகாசியில் அவளுக்கு எழுத்து வைத்திருந்தோம். எழுத்து என்றால் எங்களுக்குக் கலியாணப் பதிவு. தாலி கட்டு ஆவணியில். அதற்கு முதல் ரெஜிஸ்ட்ரார் முன்னால் மாப்பிள்ளையும் பொம்பிளையும் கையெழுத்து வைக்க, பக்கத்துக்கு ஒருவராகச் சாட்சிக் கையெழுத்து வைக்க வேண்டும். பொம்பிளை பக்கத்துக்கு நான். எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. அவள் பிறந்தபோது பதிவுக்காரருக்கு முன்னால் கையெழுத்து வைத்தவன் நான்தான். இதற்கும் நான்தான் வைக்க வேண்டும் என்று அன்றைக்கே மனதில் எழுதி வைத்திருந்தேன். ஒரு மைப்பேனைகூட வாங்கினேன். பஸ் ஓடுகிற ஆளுக்கு மைப்பேனை என்னத்துக்கு என்று மனைவி சிரித்தாள். "அங்க அவையே பேனை தருவினம் அப்பா" என்றாள் மகள். தந்தால் தரட்டும், என்னுடையது என்னிடம் இருக்கட்டும் என்றேன்.

இடையில் நடந்த ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பங்குனியில் சம்பந்தி வீட்டுக்குப் போயிருந்தோம். தேத்தண்ணி வந்தது. என்ன வேலை என்று சம்பந்தி கேட்டார். பஸ் ஓடுகிறேன் என்றேன். "பரவாயில்லை" என்றார். என்ன பரவாயில்லை? இந்த ஊர்ச் சனத்தைப் பனியிலும் மழையிலும் வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன், அதை அவர் மன்னித்துவிட்டாராம்! "பரவாயில்லை எண்டு சொல்ல நான் என்ன களவே எடுத்தனான்?" என்று கேட்டுவிட்டு, தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பி வந்தேன். மிச்சம் வந்து சேரும்வரை காரில் மகள் ஜன்னல் பக்கமே திரும்பி இருந்தாள். அடுத்த நாள் நானே போன் எடுத்து மன்னிப்புக் கேட்டேன். அவரும் அதொன்றுமில்லை என்றார். அத்தோடு அது முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

எழுத்து சனிக்கிழமை. முடிந்ததும் எங்கள் வீட்டுப் பின்வளவில் சாப்பாடு. பின்வேலி முழுக்க ஐவிக் கொடி மூடிக் கிடந்தது. சம்பந்தி வந்து பார்த்து அதற்கும் ஒரு பரவாயில்லை சொல்லக்கூடாது என்று, முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய கபில நிறக் கம்பளி ஜம்பரை மாட்டிக்கொண்டு இறங்கினேன். கையுறை போடவில்லை. பாதியை வெட்டினேன், பாதியைப் பிடித்து இழுத்தேன். இலையும் தூசும் கொடிப் பாலும் கழுத்துவரை அப்பின. வேலி பளிச்சென்று வந்ததும் எனக்குப் பெரிய புளுகம், என்னையே மெச்சிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கோடு கோடாகச் சிவந்து, சின்னச் சின்னக் கொப்பளம் போட்டது. கழுத்திலும் வந்தது. கடி என்றால், சொறியச் சொறிய அடங்காத கடி. வேலையால் வந்த மகளிடம் கையை நீட்டினேன்.

"ஐவி வெட்டினதாலயோ பிள்ளை?"

போனில் லைட்டைப் போட்டு உற்றுப் பார்த்தாள். தாயைக் கூட்டிக்கொண்டு குசினிக்குள் போனாள். கதவு சாத்தியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து வந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"இல்லையப்பா. இது அம்மாள்."

சிக்கின்பொக்ஸ் என்றுகூடச் சொல்லவில்லை பாருங்கள். வெள்ளைக் கோட் போடுகிற பிள்ளை, நோயை வருத்தம் என்கிற நாங்கள் அம்மாள் வருத்தம் என்று சொல்கிற அதே சொல்லை எடுத்துச் சொன்னாள். சின்ன வயதில் எனக்கு அது வந்ததோ இல்லையோ என்று எனக்கு நினைவில்லை, சொல்லக்கூடிய அம்மாவும் உயிரோடு இல்லை. மருந்துக்கடைக்காரி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன்.

"மாப்பிள்ளையின்ர அக்கா பிள்ளைத்தாச்சி" என்றாள் மனைவி மெல்ல.

அவ்வளவுதான், விளங்கிவிட்டது. பிள்ளைத்தாச்சிக்குத் தொற்றினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? யாரும் என்னை வர வேண்டாம் என்று சொல்லவில்லை. நானேதான் சொன்னேன். "நான் வரேல்லை. என்ர தம்பி எனக்குப் பதிலாக் கையெழுத்து வைக்கட்டும். சாப்பாட்டையும் டூட்டிங்கில அவன்ர வீட்டில வையுங்கோ." மகள் அழுதாள். எனக்காக அழுகிறாள் என்று அவளைத் தேற்றினேன். தொடாமல், இரண்டடி தள்ளி நின்று.

பிறகு சின்ன அறை, கதவில் வேப்பிலை, கட்டிலில் வெள்ளைத் துணி. அம்மாள் என்றால் குளிக்கக்கூடாது, குளிக்கவில்லை. தாளித்த கறி ஆகாது, தின்னவில்லை. கடிக்கும்போது நகம் படக்கூடாது, வேப்பங் கொத்தால் தடவினேன். குளிருக்கு அந்தக் கபில ஜம்பரைத்தான் போட்டுக்கொண்டு கிடந்தேன். மனைவி ஓட்ஸ் கஞ்சி காய்ச்சிக் கதவடியில் வைப்பாள், குளிர்ச்சி என்று. முறைப்படி எல்லாம் செய்தும் கொப்பளம் வெள்ளிக்கிழமை கன்னத்துக்கு ஏறி, ஒரு கண் பாதி மூடிவிட்டது. தாயே, நான் உனக்கு என்ன குறை வைத்தேன் என்று சுவரைப் பார்த்து அழுதேன். ஓம், அழுதேன்தான்.

சனிக்கிழமை காலை தம்பி வந்தான். எனக்கென்று வாங்கின புதுக் கோட் பக்கத்து அறை அலுமாரிக்குள் உடுக்காமல் கிடந்தது. "நீயே போடடா, சும்மா கிடக்குது" என்று கதவுக்கு உள்ளே நின்று சொன்னேன். மைப்பேனையும் அதன் பையிலேயே இருக்குது என்றேன். அவனுக்குக் கோட்டின் கை கொஞ்சம் நீளமாம். கீழே காரில் ஏறும்போது மகள் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். கத்தரிப்பூ நிறச் சீலை. நான் கை காட்டினேன். அவளும் காட்டினாள்.

பின்னேரம் வீடியோ அனுப்பினார்கள். என் கோட்டைப் போட்டுக்கொண்டு தம்பி குனிந்து கையெழுத்து வைக்கிறான். பேனை என்னுடையது இல்லை, பதிவு நடந்த கவுன்சிலுடையது. அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

திங்கட்கிழமை மனைவியும் மகளும் வேலைக்குப் போன பிறகு, கொஞ்சம் வெயில் படட்டும் என்று பின்கதவைத் திறந்து படியில் குந்தினேன். பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்கார மனிசி தனியாக இருக்கிறா, எண்பது வயதிருக்கும். நான் ஐவியை வெட்டியதில் வேலி பதிந்து தாழ்ந்துவிட்டதால் அவவுடைய தலை தெரிந்தது. என்னைக் கண்டதும் கிட்ட வந்தா. அவ ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"கிட்ட வராதையுங்கோ, எனக்குச் சிக்கின்பொக்ஸ்" என்று கையை ஆட்டினேன்.

மனிசி சிரிக்கத் தொடங்கிவிட்டா. "சிக்கின்பொக்ஸா? அது அந்த ஐவி. என் கணவருக்கும் தொட்டால் இப்படித்தான் வரும். அமெரிக்காவில் பொய்சன் ஐவி என்று ஒன்று இருக்கிறது, இது அவ்வளவு பொல்லாததில்லை, ஆனால் சில தோலுக்கு ஒத்துவராது. செவ்வாய்க்கிழமையே உன் மகளிடம் சொன்னேனே! உன் கையைப் பற்றி அவள்தான் வேலிக்கரையில் வந்து கேட்டாள். ஓட்ஸைப் பழைய காலுறைக்குள் போட்டு முடிந்து, குளிக்கிற தண்ணீரில் ஊறவிடு, கடி அடங்கும் என்றேன். ஒரு பைக்கற் ஓட்ஸும் கொடுத்துவிட்டேன். குளித்தாயா?"

ஓட்ஸ். மேலுக்கு வார்க்க வேண்டியதை ஆறு நாளாகக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அன்றைக்குப் போட்ட உடுப்பையெல்லாம் தோய்த்தாயா? அந்தப் பால் துணியில் நிற்கும்" என்றா.

குனிந்து பார்த்தேன். கபில ஜம்பர். அதன் கையில் ஒரு காய்ந்த ஐவி இலை இன்னும் ஒட்டிக்கொண்டு கிடந்தது. அட கோதாரி!

உள்ளே போய், வேப்பிலையைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். சவர்க்காரம் போட்டு நல்லாய்க் குளித்தேன். பிறகு குசினி மேசையில் ஜம்பரை மடித்து வைத்துவிட்டு அதற்கு முன்னால் இருந்தேன். பிள்ளை பிழையாகக் கண்டுபிடித்திருந்தால் நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அவள் தெரிந்துகொண்டு செய்தாள். எவிடன்ஸ் கேட்கிற பிள்ளை, என் நம்பிக்கையையே எடுத்து என்னைக் கட்டிப்போட்டாள். அதற்குத்தான் என் நெஞ்சு எரிந்தது.

மாலையில் இருவரும் சேர்ந்து வந்தார்கள். மேசையையும் குளித்த தலையையும் பார்த்தவுடனே மகளுக்குத் தெரிந்துவிட்டது. கைப்பையைக்கூட இறக்கவில்லை.

"அப்பா, ஐ'ம் சொறி" என்றாள். "கொப்பளத்தைப் பாத்து அவரின்ர அப்பா என்னவும் சொல்லியிருப்பார். நீங்கள் சும்மா இருந்திருக்க மாட்டியள். அண்டைக்கு அவையின்ர வீட்டில நான் எங்க பாக்கிறது எண்டு தெரியாமல் நிண்டனான் அப்பா. என்ர எழுத்து குழம்பக்கூடாது. எனக்கு வேற வழி தெரியேல்லை."

"ஒரு குளிசையும் கிறீமும் தந்திருந்தா, வெள்ளிக்குள்ள வத்தியிருக்குமோ?"

அவள் தாயைப் பார்த்தாள். தாய் பாத்திரம் கழுவுகிற தொட்டியைப் பார்த்தாள்.

"சொல்லு பிள்ளை. மருந்துக்கடைக்காரிதானே."

"ஓம் அப்பா. முழுக்க இல்லை. ஆனால் நீங்கள் எழுத்துக்கு வந்திருக்கலாம்."

நான் கத்துவேன் என்று இருவரும் காத்துக்கொண்டு நின்றார்கள். மனைவி ஜன்னலைச் சாத்தினாள், பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் இருக்க. எனக்குக் கத்த வரவில்லை. அவள் சொன்னதில் பொய்யும் இல்லை. அந்தப் பரவாயில்லையை அந்த மனிசன் இன்னொருமுறை சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியும். ஆனால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. வாயைப் பொத்திக்கொண்டு இரு அப்பா, எனக்காக, என்று கேட்டிருந்தால் நான் வாயைத் தைத்துக்கொண்டு போயிருப்பேனே. தம்பிக்கும் இது தெரியுமா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. தெரியும் என்றுவிட்டால் பிறகு யாரிடம் போவேன்?

மகள் கைப்பையிலிருந்து ஒரு உறையை எடுத்து என் முன்னால் வைத்தாள். பதிவுச் சான்றிதழ். பொம்பிளையின் தகப்பன் என்ற இடத்தில் என் பெயர், பஸ் சாரதி என்று என் தொழில், எல்லாம் துப்பரவாக இருந்தது. கீழே சாட்சி என்ற இடத்தில் தம்பியின் கையெழுத்து. அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தேன். விரலில் கொப்பளம் உரிந்துகொண்டிருந்தது.

"கலியாணத்தில நீங்கள்தான் முன்னுக்கு நிக்கவேணும் அப்பா" என்றாள் அழுதுகொண்டு. "ஆவணிக்கு எல்லாம் நீங்கள் சொல்லுறபடிதான்."

தாளை உறைக்குள் வைத்து அவளிடமே நீட்டினேன்.

"ஆவணியில எனக்கு என்ன வருத்தம் வரும் எண்டு இப்பவே சொல்லிப்போடு பிள்ளை. வேப்பிலையை நானே வாங்கி வைக்கிறன்."