செந்தமிழுக்கு எழுந்த மாடு

நான் இரண்டாம் வகுப்பு. அதற்கு மேல் போகவில்லை. மாட்டு வண்டியில் ஆலைக்குக் கரும்பு ஏற்றுவது தொழில். மனைவி எட்டாவது முடித்தவள். எங்கள் வீட்டுக்குள் கதைப் புத்தகம் வந்தது அவளால்தான்.

வண்டியில் வலப்பக்கம் பூட்டுவது வலத்து மாடு. இடப்பக்கம் இடத்து மாடு. என் இடத்து மாடு அந்த வருஷம் படுக்கப் பழகிவிட்டது. நுகத்தடியோடு நடுரோட்டில் படுக்கும். வாலை முறுக்கினாலும் எழாது. படுக்கிற மாட்டை எந்தக் குடியானவனும் வாங்க மாட்டான். அடிமாட்டு லாரிதான். தாய் செத்த பிறகு மூங்கில் குழாயில் பால் ஊற்றி நான் வளர்த்த கன்று அது. ஆனாலும் பிழைப்பு நடக்க வேண்டும். தரகரிடம் சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை வருகிறேன் என்றார்.

செவ்வாய்க்கிழமை மறியல் தொடங்கிவிட்டது. இட ஒதுக்கீடு கேட்டு, புளியமரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்தார்கள். கச்சிராயபாளையத்துக்கு டவுன் பஸ் இல்லை. ஆலைக்கு வண்டி இல்லை. தரகரும் வரவில்லை.

பக்கத்து வீடு, கரும்பு வெட்டுகிற மேஸ்திரி. அவருக்கும் வேலை இல்லை. மாட்டுக் கொட்டகைக்கு வந்து உட்கார்ந்துகொண்டார்.

"ஊரே இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டுல நிக்குது மச்சான். நீ இன்னாடான்னா இடத்து மாட்ட ஒதுக்கினு கீற."

மனைவி சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

கச்சிராயபாளையம் நூலகப் புத்தகம் ஒன்று அவளிடம் மாட்டியிருந்தது. தவணை முடிந்தும் பஸ் இல்லாததால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அந்தக் காலத்து நாவல். ஒரு ஜமீன்தார், அவருடைய குதிரை. கொட்டகையிலேயே உட்கார்ந்து சத்தமாகப் படித்தாள். குதிரை காட்டில் விழுந்து கிடக்கிறது. ஜமீன்தார் அழுகிறார். குதிரை பதில் சொல்கிறது.

"குதுர பேசுதா தங்கச்சி?"

"பேசுது அண்ணே. 'ஐயனே, என் கால்கள் தளர்ந்தன'ன்னு சொல்லுது."

"நம்ம மாடு பேசினா அப்படியா பேசும்? 'தண்ணி காட்டாம எங்கடா போய்ட்ட'ன்னு கேக்கும்."

"கதையில வர்றதெல்லாம் எசமானுக்காவ சாவுது. இது எனக்காவ நாலு அடி நடக்க மாட்டுது" என்றேன்.

"எயுதினவன் மனுசனாச்சே மச்சான். மாடு எயுதியிருந்தா எசமான் செத்திருப்பான்."

அவள் கையை ஆட்டி அவரை அடக்கினாள். ஜமீன்தார் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொள்கிற இடம். கூத்துக்காரர் மாதிரி குரலை உயர்த்திப் படித்தாள்.

"எழுந்தருள்வாய், இன்னுயிர்த் தோழா!"

பின்னால் சலங்கை சத்தம். காலையிலிருந்து படுத்துக் கிடந்த இடத்து மாடு எழுந்து நின்றது.

மூன்று பேரும் வாயைத் திறந்தபடி இருந்தோம். அப்புறம் சிரிப்பு பிடித்துக்கொண்டது. அது மறுபடி படுக்கும்வரை காத்திருந்தோம். மறுபடி படித்தாள். மறுபடி எழுந்தது.

"தமியுக்கா எயுந்துது? நீ கயுநீர் வாளிய நகத்தியிருப்ப" என்றார் மேஸ்திரி. வாளி வாசலில் இருந்தது. போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு தானே மாட்டின் முன்னால் நின்றுகொண்டார்.

"எயுந்தருள்வாய்!"

மாடு அசை போட்டது.

எங்கள் பக்கத்தில் ழ யாருக்கு வருகிறது? பழம் எங்களுக்குப் பயம். வாழை வாயை. மாட்டுக்கு அது போதவில்லை. அன்று மத்தியானம் முழுக்க அவள் எனக்கு ழ சொல்லிக் கொடுத்தாள்.

"நாக்க மடிங்க. மேல தொடாதீங்க. வாழைப்பழம்."

"வாயப்பயம்."

"இது நாக்கா, இடத்து மாடா? படுத்துக்கினே கீது."

மேஸ்திரி வைக்கோல் மேல் உருண்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கல்யாணம் ஆகி அத்தனை நாள் அவளோடு அப்படிச் சிரித்ததில்லை.

மறியல் ஓய்ந்து மரங்களை அகற்றிய மறுநாளே தரகர் சைக்கிளில் வந்துவிட்டார். மாடு படுத்திருந்தது. சுற்றிப் பார்த்தார்.

"லாரி சாயங்காலம் வருது. ஏத்திடலாமா?"

மனைவி முன்னால் வந்தாள். "இது வேல மாடு அண்ணே. பாருங்க" என்றாள். ஜமீன்தாரின் வார்த்தையைச் சொன்னாள். எழுந்தது. தரகர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அட! அப்ப குடியானவனுக்கே வித்துடலாமே. இன்னா வார்த்த அது?"

சொல்லிக் கொடுத்தாள். மாடு படுத்ததும் அவர் சொல்லிப் பார்த்தார். எயுந்தருள்வாய். எய்ந்தருள்வாய். எலுந்தருள்வாய். கைகூட கூப்பினார். மாடு அவரைப் பார்த்து மூக்கை நக்கியது.

"இந்த மாட்ட வாத்தியாருதான் வாங்கணும்" என்றார் கோபமாக. "வாத்தியாருக்கு எதுக்குய்யா மாடு? லாரியில ஏத்திட வேண்டியதுதான்."

"வாணாம்" என்றேன்.

"இன்னா வாணாம்? நீதானே வரச் சொன்ன?"

"நான் சொன்னா எயுந்துக்கும்."

"நீயா? சொல்லு பாக்கலாம்."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மேஸ்திரி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். நான் மாட்டின் காதுக்கு அருகில் போய் நாக்கை மடித்தேன். முதல் தடவை எச்சில்தான் தெறித்தது. இரண்டாவது தடவை ய வந்தது. தரகர் சைக்கிளை நிமிர்த்தினார்.

மூன்றாவது தடவை சொன்னேன். எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. ழ வந்தது. மாடு முன்னங்காலை ஊன்றி, பின்பக்கத்தைத் தூக்கி, உடம்பை உதறிக்கொண்டு எழுந்து, வாலைத் தூக்கித் தரகர் செருப்பு பக்கத்திலேயே சாணி போட்டது.

 தரகர் செருப்பை நகர்த்திக்கொண்டு போய்விட்டார். நான் அப்போதே வண்டியைப் பூட்டினேன்.